அடி எரு

ஏனுங்க, இந்த ஈ எங்கூட ஏறி வந்ததுன்னு நெனைச்சுக்காதீங்க. உங்க முழங்கையில உக்காந்திருக்குதே, அதைத்தான் சொல்றனுங்க. பஸ்ஸுன்னா ஈ இருக்கத்தான் செய்யும். எவனாச்சும் பலாச்சொளை தின்னுபோட்டு கொட்டையச் சீட்டுக்கு அடியில போட்டுட்டுப் போயிருப்பான், அதுக்கு வந்திருக்கும். நான் காலையில நல்லா சோப்புப் போட்டுக் குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டி, சட்டைக்குச் செண்டு அடிச்சுட்டு ஏறியிருக்கறேன். கோழிப்பண்ணைக்காரன்னு சொன்ன உடனே எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிராதீங்க. இந்த எடத்துல ஒருத்தர் இருந்தாரு, அப்படித்தான் போனாரு. அதோ, பச்சைச் சட்டை. திரும்பித் திரும்பிப் பாக்கறாரு பாருங்க.

சன்னலோரம் நீங்களே இருந்துக்கங்க. எனக்கு அடிக்கடி எந்திரிக்கணும், இருப்புக் கொள்ள மாட்டேங்குது. என்ன, வண்டி நின்னுபோச்சா? நம்ம காவேரிக்கரை வேலூர்ப் பாலம் வந்தாலே இதே தொல்லைங்க. ரோட்டுல பாதியத் தோண்டிப் போட்டு, இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்னு விடறாங்க. நீங்க எங்க போறீங்க, திண்டுக்கல்லா? பேங்குல இருக்கறீங்களா? மொகத்தப் பாத்தா அப்படித்தான் இருக்குது. நான் அரவக்குறிச்சிப் பிரிவுல எறங்கிக்குவேன். மாமனார் ஊரு. மாமனாரு போய்ச் சேந்துட்டாரு, மச்சான் குழந்தைவேல் இருக்கறான். எங்கூட்டுக்காரி சம்பூரணம் இப்ப அங்கதான் இருக்கறா. கூட்டிட்டு வரப் போறனுங்க.

சண்டையான்னு கேக்காதீங்க. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. இந்த ஈதான் காரணம். ஈத்தொல்லை தாங்காமப் போயிட்டா. வேற என்ன இருக்குது, நான் குடிக்கறவனா, சீட்டாடறவனா? ஊருல யாரை வேணா கேட்டுப் பாருங்க. மேட்டுக்காட்டுச் செங்கோடன்னா ஒரு குத்தம் சொல்ல மாட்டாங்க. ஈயத் தவிர.

பண்ணையப் பத்திச் சொல்றேன், கேளுங்க. எனக்கு ரெண்டு செட்டு, நீளமாக் கொட்டாய் போட்டது. ரோட்டுப் பக்கம் ஒண்ணு, அதுக்குப் பொறத்தால ஒண்ணு. எல்லாம் முட்டைக்கோழி. கோழிக தரையில நடக்காது, மேல கூண்டுல வரிசையா நிக்கும். எச்சம் அடியில விழும். விழுந்து விழுந்து, கூண்டு வரிசைக்கு அடியில நீளமா கரை கட்டுன மாதிரி குமிஞ்சு நிக்கும். அதுதான் எரு. நாலஞ்சு மாசத்துக்கு ஒருக்கா வழிச்சு லாரியில ஏத்துவோம், மஞ்சக் காட்டுக்கும் குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் போட்டி போட்டு வாங்கிட்டுப் போவாங்க. வியாபாரம், தீவனம், முட்டை ரேட்டு, வெளிவேலை பூராவும் நான். செட்டுக்குள்ள இருக்கற வேலை சம்பூரணம் பாத்துக்குவா. பெருசா ஒண்ணுமில்லீங்க, பொம்பளைக பாக்கற வேலைதான்.

ஆனா அவ பண்றது ஒண்ணு எனக்குப் புடிக்காது. எருவ முழுசா வழிக்கவே விடமாட்டா. அடியில இத்தனை கனத்துக்கு, இந்தா, ஒரு சாண் கனம்னு வெச்சுக்கங்க, பழைய எருவ அப்படியே விட்டுருவா. பொடிப்பொடியா, காப்பித்தூளாட்டக் காஞ்சு கெடக்கும். அதுக்கு மேலதான் வழிக்கணும்பா. 'ஏனுங்க, அடி எருவ விட்டுருங்க'ன்னு ஒவ்வொரு தடவையும் அதே பாட்டு. எதுக்குன்னா, அதுக்குள்ள சின்னச் சின்னதாக் கறுப்பு வண்டு இருக்குமுங்க. அது ஈ முட்டையும் புழுவும் திங்குதாம். காஞ்ச எரு புது எச்சத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்குதாம். இதெல்லாம் அவளாச் சொல்றது. யாரும் சொல்லிக் குடுக்கல. பொழுதன்னிக்கும் செட்டுல குத்தவெச்சு உக்காந்து எருவக் குச்சியில கிண்டிப் பாத்துட்டிருப்பா. வீடு பூரா வேலை கெடக்க, எருவக் கிண்டிட்டு உக்காந்திருக்கறயேன்னு நான் சத்தம் போடுவேன். சிரிச்சுக்குவா.

அது மட்டுமா. தண்ணிக் குழாயில நிப்பிள் நிப்பிளா இருக்கும், கோழி கொத்துனா சொட்டும். எந்த நிப்பிள் ஒழுகுதோ அதுக்கடியில ஒரு தகரத்தைக் கட்டி விட்டுருவா. பழைய எண்ணெய் டின்னை வெட்டி. பாக்கவே கேவலமா இருக்கும். ஒறம்பரை, சொந்தபந்தம் வந்தா எனக்கு மானம் போகும். செட்டைச் சுத்திப் புங்கன், வேம்புன்னு நெருக்கமா நட்டு வெச்சிருந்தா. ரோட்டுல இருந்து பாத்தா பண்ணை இருக்கறதே தெரியாது. செத்த கோழியப் போடறதுக்குத் தோட்டத்து மூலையில ஒரு குழி, போட்ட உடனே சுண்ணாம்பு, மண்ணு. ஒரு கோழி செத்தாலும் பொழுது எறங்கறதுக்குள்ள அவளே எடுத்துட்டுப் போயிருவா. நாயி நரிக்குப் போடவும் விடமாட்டா. அவ பாட்டுக்கு எதையாச்சும் பண்ணிட்டே இருப்பா, நானும் கண்டுக்கறதில்ல.

அப்பத்தானுங்க அந்த விருது வந்தது.

எங்க பண்ணையாளர் சங்கமும் ஒரு தீவனக் கம்பெனியும் சேந்து, சுத்துச்சூழலை நல்லா வெச்சிருக்கற பண்ணைக்குப் 'பசுமைப் பண்ணை'ன்னு ஒரு கேடயம் குடுக்கறதாச் சொன்னாங்க. பேரு எழுதி அனுப்புன பண்ணையில எங்களதும் ஒண்ணு. ஊருக்குப் பக்கத்துல இருந்தும் ஒரு புகார் வராத பண்ணைன்னு சங்கத்துக்காரங்களே எழுதியிருந்தாங்க. நேர்ல பாக்க ஆளுங்க வராங்கன்னு போன் வந்துச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீங்களே சொல்லுங்க, நாலு பெரிய மனுசங்க வரும்போது வீட்டைக் கூட்டாம வெச்சிருப்பமா? உங்க பேங்கு மேனேஜர் வந்தாலே நீங்க மேசையத் தொடைச்சு வெப்பீங்களா இல்லையா? வாத்தியாருங்களா? சரிங்க, ஆபீசரு வந்தா போர்டைத் தொடைப்பீங்கல்ல, அதேதான்.

லாரி சொன்னேன். ஆள் சொன்னேன். காரு கழுவுவாங்களே, வாட்டர் சர்வீஸு, அந்த மோட்டாரை வாடகைக்கு எடுத்தேன். ரோட்டுப் பக்கம் இருக்கற செட்டுல ஒரு பொட்டு எரு இல்லாம வழிச்சு, சிமிட்டித் தரை தெரியத் தெரிய, தண்ணிய அடிச்சுக் கழுவிப்போட்டேன். அந்தத் தரை எப்ப போட்டதுன்னு எனக்கே மறந்து போச்சுங்க, அத்தனை வருசம் கழிச்சுக் கண்ணுல பாக்கறேன். தகரத்தையெல்லாம் புடுங்கி எறிஞ்சேன். கோழி நல்லாத் தண்ணி குடிக்கட்டும்னு குழாயில வேகத்தைக் கூட்டி வெச்சேன். முன்னால இருந்த ஒரு வரிசை மரத்தை வெட்டிப்போட்டேன், பிளக்ஸ் வெச்சா ரோட்டுக்குத் தெரியோணுமில்ல? அந்த எடத்துல தொட்டியில குரோட்டன்ஸ் செடி வாங்கி வெச்சேன். பசுமைப் பண்ணைன்னா பச்சை இருக்கோணுமில்லீங்க?

சம்பூரணம் வந்து நின்னா. ஆளுக முன்னாடியே சொல்றா, 'ஏனுங்க, மேல மேல மட்டும் வழிச்சுக்கலாம், அடி எருவ விட்டுருங்க'ன்னு. நான் என்ன பண்ணுவேன், லாரிக்காரன் பாக்கறான், கூலியாளுக பாக்கறாங்க. 'உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ போயி வர்றவிங்களுக்குப் பலகாரத்துக்கு ஏற்பாடு பண்ணு'ன்னேன். அவ அடுப்படிக்குப் போயிட்டா. கேட்டுக்கிட்டான்னு நெனைச்சேன். அவ எப்பவுமே கேட்டுக்குவாங்க, அந்த வகையில தங்கமான பொம்பளை. பொறத்தால இருந்த செட்டு மட்டும் நேரம் பத்தாம நின்னுபோச்சு. ரோட்டுக்குத் தெரியாதுன்னு விட்டுட்டேன்.

வந்தாங்க, பாத்தாங்க. ஷூவக் கழட்டிட்டு உள்ள போகலாம்னு ஒருத்தர் சொன்னாரு. ஈன்னு ஒண்ணு கண்ணுல படல. படம் புடிச்சாங்க. பலகாரம் தின்னாங்க, அதிரசம் நல்லா இருக்குதுன்னு எல்லாரும் சொன்னாங்க. போகும்போதே கையக் குடுத்துட்டாங்க, கேடயம் உங்களுக்குத்தான்னு.

இந்தாங்க, டிரைவரு எறங்கிப் போயிட்டாரு பாருங்க. டீ குடிக்கப் போறாராட்ட இருக்குது. நான் சித்த எந்திரிச்சுப் பாத்துட்டு வரேன்.

இன்னும் விடலீங்க. அந்தப் பக்கத்து வண்டிதான் வந்துட்டே இருக்குது. முடிவே இல்லாம வருது. அவ பொழுது எறங்குனா எங்கூடக் கெளம்ப மாட்டா, அதுதான் எனக்குப் பதைப்பா இருக்குது. எங்க விட்டேன்? ஆங், கேடயம்.

விழாவ எங்க பண்ணையிலயே வெச்சுக்கலாம்னு நாந்தான் சொன்னேன். பந்தல், மைக் செட்டு, ஊருக்கே சாப்பாடு. அது நடந்தது, அவிங்க பாத்துட்டுப் போயி பத்துப் பன்னெண்டு நாள் கழிச்சு இருக்குமுங்க. அன்னிக்குக் காலையிலயே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. செட்டுக்குள்ள போனா, புது எச்சம் கூழாட்டம் கெடக்குது. அதுல என்னமோ அரிசி கொட்டுன மாதிரி வெள்ளையா நெளியுது. பினாயில் ஊத்தச் சொல்லிட்டு, சட்டை மாத்தப் போயிட்டேன். பந்தல்ல ஆளு வந்து உக்காந்தா, ஈ. இலையில சோத்தைப் போட்டா, ஈ. வெள்ளைச் சோறு எள்ளுச்சோறு மாதிரி ஆயிப்போச்சு. தலைவரு மைக்கைப் புடிச்சு, 'இந்தப் பண்ணையிலே ஈ மருந்துக்குக்கூடக் கிடையாது'ன்னு எழுதிட்டு வந்ததைப் படிக்கறாரு, வாயத் தொறந்த எடத்துல ஒண்ணு உள்ள போயிருச்சு. மனுசன் இருமறாரு, நிறுத்த முடியல. ஊரே சிரிக்குது. சிரிச்சுட்டு, இலையில இருந்து எந்திரிச்சுப் போகுது. பாயசம் பாதிக்கு மேல மீந்துபோச்சுங்க.

ஆனா நான் விடல. கேடயத்தை வாங்கிட்டு நல்லாப் பேசுனேன். பேப்பரைப் பாக்காமயே பேசுனேன். தலைவருக்கு நன்றி, செயலாளருக்கு நன்றி, தீவனக் கம்பெனி மேனேஜருக்கு நன்றி. வாட்டர் சர்வீஸ் மோட்டார் குடுத்தவரு, லாரிக்காரரு, பிளக்ஸ் அடிச்ச பையன், பந்தல்காரரு, மைக் செட்டுக்காரரு, ஒருத்தர் பேரையும் விடல. குரோட்டன்ஸ் செடி குடுத்த நர்சரிக்கும் நன்றி சொன்னேன். 'இருபது வருசமா ஒத்தை ஆளா நின்னு இந்தப் பண்ணைய இந்த நெலைக்குக் கொண்டு வந்திருக்கறேன்'னு முடிச்சேன். கை தட்டுனாங்க. ஈய வெரட்டறதுக்குத் தட்டுனாங்கன்னு கேலி பேசறவங்க பேசிட்டுப் போகட்டும்.

சம்பூரணத்துக்கா? அவளுக்கு எதுக்குங்க நன்றி? ஊட்டுல இருக்கறவளுக்குப் போயி மைக்குல நன்றி சொன்னா சிரிக்க மாட்டாங்களா? நீங்க வேற. அவ பந்தல்ல கடைசியில பாய் மேல உக்காந்து கேட்டுட்டிருந்தா. எந்திரிச்சுப் போனவிங்க எலையெல்லாம் அவதான் எடுத்தா.

அடுத்த நாள் விடியக்காலம் எப்பவும் போலத்தான் எந்திரிச்சா. பொறத்தாலச் செட்டுக்குப் போயி தகரத்தையெல்லாம் ஒருக்காப் பாத்தா. சுப்பக்காகிட்ட, எங்க பண்ணையில வேலை பாக்கற பொம்பளைங்க, அவகிட்ட என்னமோ சொன்னா. வந்து குளிச்சா. எனக்குக் காப்பி வெச்சுக் குடுத்தா. 'அண்ணன் ஊட்டுக்குப் போயிட்டு வரேனுங்க'ன்னா. எப்ப வருவேன்னு கேட்டேன். ஈ போனப்பறம் பாக்கலாம்னா. அதுதாங்க சொல்றேன், ஈதான் காரணம். அவ வாயாலயே சொன்னது.

அதுக்கப்பறம் பட்ட பாடு சொல்லி மாளாதுங்க. ஊரே ஈக்காடா ஆயிப்போச்சு. மரத்தை வெட்டுன பக்கமா நாத்தமும் தூசியும் நேரா ஊருக்குள்ள போகுதாம். டீக்கடைக்காரம்மா போண்டா போடறதையே நிறுத்திட்டா. பள்ளிக்கூடத்துல புள்ளைக தட்டை மூடிட்டுச் சாப்பிடுதுக. தொட்டில்ல போட்டிருந்த பச்சைக் கொழந்தை கண்ணுல ஈ மொய்க்குதுன்னு அவங்கம்மா தூக்கிட்டு வந்து என் வாசல்ல நிக்குது. எனக்கு மட்டும் சங்கடமா இல்லீங்களா? எனக்கும்தான் சோறு எறங்கல. மருந்து அடிச்சேன். அது பத்தாதுன்னு அதைவிடக் காரமான மருந்து அடிச்சேன். பல்லி செத்துச்சு, சிலந்தி செத்துச்சு, அவ கொண்டாடுவாளே அந்த வண்டு, ஒண்ணுரெண்டு மிச்சம் இருந்ததும் செத்துச்சு. ஈ மட்டும் அடுத்த வாரம் திரும்ப வந்துச்சு. வழிக்க வழிக்க, கழுவக் கழுவ வருது. என்னாட்டம் சுத்தம் பண்றவன் ஜில்லாவுலயே கெடையாதுங்க. வாரத்துக்கு ஒருக்கா கழுவறேன்.

கடைசியில ஊருல கூட்டம் போட்டுட்டாங்க. பண்ணைக்குப் போற தடத்துல டிராக்டரைக் குறுக்க நிறுத்தி, தீவன லாரிய உள்ள விடல. இருக்கற கோழி தீந்தா அடுத்த குஞ்சு எறக்கக் கூடாதுன்னுட்டாங்க. இதைவிட வேடிக்கை, அந்த டீக்கடைக்காரம்மா எந்திரிச்சு, 'சம்பூரணக்கா இருந்த வரைக்கும் ஈ இல்ல. அவங்களக் கூட்டிட்டு வந்தீங்கன்னா பண்ணைய நடத்துங்க, இல்லாட்டி சாத்திருங்க'ங்குது. எல்லாரும் தலைய ஆட்டறாங்க. எனக்கு மனசுக்குக் கொஞ்சம் இதமாத்தான் இருந்துச்சு. பாருங்க, குடும்பம் பிரிஞ்சு இருக்கக் கூடாதுன்னு ஊருக்காரங்களுக்கு இருக்கற அக்கறைய.

பண்ணை போனா நான் என்னங்க பண்ணுவேன்? காடு பூராவும் பண்ணைய நம்பித் தரிசா விட்டாச்சு. வேற தொழில் தெரியாது. ஊட்டுக்குள்ள போனா பேச ஆளில்ல. நானே கஞ்சி காச்சி நானே குடிக்கறேன். பெங்களூர்ல இருக்கற மகளக் கூப்பிட்டா, 'அம்மா என்ன சொன்னாங்களோ அதைச் செய்யுங்கப்பா'ன்னு போனை வெச்சர்றா. அதைத்தானே செஞ்சுட்டிருக்கறேன், ஈய ஒழிக்கறதுக்குத்தானே இந்தப் பாடு.

ரெண்டு தடவை போயிட்டு வந்துட்டேன், இது மூணாவது. மொதல் தடவை போனப்ப அவ மொருங்கைக்காய் கட்டிட்டிருந்தா. அங்கெல்லாம் மொருங்கைதானுங்க. என்னப் பாத்ததும் எந்திரிச்சுத் தண்ணி கொண்டாந்து குடுத்தா. ஒரே ஒரு கேள்வி கேட்டா. 'மொதச் செட்டுல எரு இப்ப எப்படிக் கெடக்குதுங்க?' நல்லவேளை கேட்டான்னு எனக்குச் சந்தோசம். 'கெடக்குதாவது, ஒரு பொட்டு இல்ல, வாராவாரம் கழுவி விட்டுட்டிருக்கறேன், நீ வந்து பாரு'ன்னேன். அவ சொம்பை எடுத்துட்டு உள்ள போயிட்டா. நான் கெளம்பற வரைக்கும் வெளிய வரல. சோறு மட்டும் மச்சான் சம்சாரம் போட்டுச்சு.

ரெண்டாவது தடவை அவ மொகத்தையே காட்டல, மச்சான்தான் பேசுனான். 'மச்சான், தங்கச்சி ஒரு யோசனை சொல்லுச்சுங்க. பொறத்தாலச் செட்டுல அடி எரு பழசு அப்படியே இருக்குதாமுல்ல. அதுல நாலு கூடை அள்ளிட்டு வந்து மொதச் செட்டுல எறைச்சு விடணுமாம். தண்ணிய நிறுத்திட்டு, மருந்தையும் நிறுத்திட்டு, தொடாம விட்டா வண்டு திரும்ப ஏறிக்குமாம். ரெண்டு மாசத்துல ஈ அடங்கிருமாம்'ங்கறான். நான் சிரிச்சேன். பின்ன சிரிக்காம? எருவ வழிச்ச எடத்துல, எருவக் கொண்டாந்து கொட்டணுமாம். கேடயம் வாங்குன செட்டுங்க அது. நாளைக்கு யாராச்சும் வந்து பாத்தா என்ன நெனைப்பாங்க? 'ஏன் மச்சான், உங்கூட்டைக் கூட்டுனப்பறம் குப்பைய அள்ளிட்டு வந்து நடுவூட்டுல கொட்டுவியா'ன்னு கேட்டேன்.

நீங்க கேப்பீங்க, அந்தப் பொறத்தாலச் செட்டுல ஈ இருக்குதான்னு. இல்லீங்க. அதுதான் அதிசயம். அதுல ஈயே கெடையாது. நான் ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிட்டு வந்து காட்டுனேன். அது கன்னி மூலையில இருக்குது, காத்து நல்லா அடிக்குது, அதான்னாரு. சரியாத்தான் இருக்கும். எனக்கு அங்க போறதுக்கெங்க நேரம், இந்தச் செட்டைக் கழுவறதுக்கே பொழுது சரியாப் போயிருது. அதைச் சுப்பக்காதான் பாத்துக்குது. அதுவும் வேலைக் கள்ளிங்க. காலையில நான் போறப்பப் பாத்தா காதுல போனை வெச்சுட்டு எருவக் கிண்டிட்டு உக்காந்திருக்குது. 'ஆருகிட்டப் பேசற?'ன்னா, 'அக்காதானுங்க, கோழி நல்லா இருக்குதான்னு கேக்கறாங்க'ங்குது. சம்பூரணம் தெனமும் கூப்பிடறாளாம். பாருங்க, என்னக் கூப்பிட்டு நல்லா இருக்கறயான்னு கேக்க மனசு வரல, கோழியக் கேக்கறா. இதுக்கு நான் வருத்தப்படலாமா கூடாதா? சொல்லுங்க.

வருத்தம்தானுங்க. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஊட்டுக்குள்ள நடந்தா என் செருப்புச் சத்தமே எனக்குக் கேக்குது.

சரி, இப்ப எந்தத் தைரியத்துல மூணாவது தடவை போறேன்னு கேக்கறீங்களா? அதுக்கு ஒரு வேலை செஞ்சு வெச்சுட்டுத்தான் வந்திருக்கறேன். நேத்து படுத்துட்டு யோசிச்சேன். அவ ஏன் வர மாட்டேங்கறா? ஈ. ஈ ஏன் போக மாட்டேங்குது? ஒரு செட்டைக் கழுவறோம், பக்கத்துச் செட்டுல பழைய எரு அப்படியே கெடக்குது. அதுல இருந்துதானே வருது? அங்க ஈ இல்லையேன்னு நீங்க சொல்லலாம். அங்க பொறந்து இங்க வந்துருமுங்க, அதுக்கு ரெக்கை இருக்குதில்ல? இது ஏன் எனக்கு முன்னாடியே தோணலன்னு என்னையே திட்டிக்கிட்டேன். அதனால இன்னிக்கு வெள்ளனே ஆளுகளக் கூட்டிட்டு வந்து, பொறத்தாலச் செட்டையும் வழிச்சுப்போட்டேன். அடியோட. சிமிட்டி தெரியற வரைக்கும். மோட்டார் வெச்சுத் தண்ணி அடிச்சு, அதே காரமான மருந்தையும் அடிச்சாச்சு. அவ வந்து பாக்கறப்ப ரெண்டு செட்டும் கண்ணாடியாட்டம் இருக்கோணும். சொல்லாமக் கூட்டிட்டுப் போயி நிறுத்தறேன், மொகத்துல சிரிப்பு வருதா இல்லையான்னு பாக்கறேன்.

சுப்பக்கா செட்டு வாசல்ல குறுக்க நின்னுட்டா. 'மொதலாளி, அக்காவ ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்க, இதை மட்டும் விட்டுருங்க'ன்னு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அக்காவுக்காகத்தான் பண்றேன், நீ தள்ளுன்னு சொன்னேன். தள்ளி நின்னு போனை எடுத்துச்சு, லைன் கெடைக்கலையாட்ட இருக்குது, நான் கெளம்பற வரைக்கும் அழுத்திட்டே இருந்துச்சு. நான் லாரிய அனுப்பிட்டு, குளிச்சுட்டு, பஸ்ஸேறிட்டேன்.

அப்பாடி, வண்டிய எடுத்துட்டாரு. நல்லவேளை. காவேரியில தண்ணி போகுது பாருங்க, போன மாசம் வரும்போது மணல்தான் கெடந்துச்சு. இனி வெசையாப் போயிருவாரு.

போன் அடிக்குதுங்க, சித்த இருங்க. அட, சம்பூரணம். இந்தாங்க, நீங்களே பாருங்க பேரை. நான் சொன்னனா இல்லையா? இத்தனை நாள்ல ஒருக்காக் கூப்பிட்டதில்ல. அவளாக் கூப்பிடறா.

ஹலோ, சொல்லு சம்பூரணம். பஸ்ஸுலதான் இருக்கறேன், பாலத்து மேல வந்துட்டிருக்கறேன். உன்னையக் கூட்டிட்டுப் போகத்தான். என்னது? சத்தமாப் பேசு, ஆரன் அடிக்கறாங்க. ஆமா, பொறத்தாலச் செட்டுதான். சுப்பக்கா சொல்லிருச்சா? அதுக்கு வாய் நிக்காது, உனக்குச் சொல்லாமக் காட்டலாம்னு இருந்தேன். நாந்தான் வழிக்கச் சொன்னேன், வேற ஆரு சொல்லுவாங்க? எல்லாத்தையும்தான். ஒரு மூலைகூட விடல. தண்ணி அடிச்சாச்சு. மருந்தும் அடிச்சாச்சு, ஒரு பூச்சி உசுரோட இல்ல. எருவா? அது லாரியில போயிருச்சு, மஞ்சக் காட்டுக்கு. இந்நேரம் எறைச்சு ஏரு ஓட்டியிருப்பாங்க. ஏன், உனக்கெதுக்கு அது? ஹலோ. லைன்ல இருக்கறயா? அதென்ன அங்க இத்தனை சத்தம், எங்க இருக்கற? கரூரா? கரூர் ஸ்டாண்டுல உனக்கென்ன வேலை?

ஏன், வந்துட்டிருந்தயா? அப்படியே உக்காரு, எறங்காத. நான் வந்தர்றேன். எறங்கிட்டயா? சம்பூரணம். ஹலோ.

வெச்சுட்டாளுங்க.

நம்மூருக்கு வர்ற நாமக்கல் பஸ்ஸுல ஏறி உக்காந்திருந்தாளாம். பையோட. டீக்கடைக்காரம்மா நேத்து போன் பண்ணி, அந்தக் கொழந்தைக்குக் கண்ணு சீழ் புடிச்சிருக்குதுன்னு அழுதுச்சாம். அதுக்கு மேல மனசு கேக்காம இன்னிக்குக் கெளம்பிட்டாளாம். அவளே நின்னு, பொறத்தாலச் செட்டுல இருந்து கூடையில அள்ளிட்டுப் போயி எறைச்சு விடலாம்னு வந்தாளாம். கண்டக்டர் டிக்கெட்டுக் கேட்டுட்டு நிக்கறப்ப சுப்பக்கா போன் வந்திருக்குது. எறங்கிட்டாளாம். இப்ப அரவக்குறிச்சி வண்டி நிக்கற பக்கம் நடந்துட்டிருக்கறா.

கண்டக்டர், கரூருக்கு இன்னும் எத்தனை நேரமாகும்? கொஞ்சம் வெசையா ஓட்டச் சொல்லுங்க.

அவ சத்தம்கூடப் போடலீங்க. திட்டியிருந்தாப் பரவால்ல. எப்பவும் போல மரியாதையாத்தான் பேசுனா. 'அந்தச் செட்டை நெனைச்சுத்தான் வந்துட்டிருந்தேனுங்க. இனி அங்க என்னங்க இருக்குது'ன்னு கேக்கறா.

என்ன இருக்குதுன்னா? நான் இருக்கறேனில்லீங்க?